கையில் இல்லாத வலி

குலசேகரம்
11.2.2007

லீலாபாய்க்கு,

கடிதத்தின் தலையில் வழக்கமாகப் போடும் அன்பான சொல்லை விட்டுவிட்டேன். எட்டு வருஷம் பேசாமல் இருந்த தங்கைக்கு அதைப் போட்டால் நீயே சிரிப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு நடந்த விபத்தை ராஜபாய் உனக்குச் சொல்லியிருப்பாள். என் மனைவியும் என் தங்கையும் போனில் பேசிக்கொள்வது எனக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இருக்கட்டும். போன வருஷம் ஜனவரியில், திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமல் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஒரு வேன், வளைவில் என் பைக்கைத் தட்டிவிட்டு நிற்காமல் போனது. தலை தப்பியது. இடது தோள் ரோட்டில் அடித்து, கைக்குப் போகும் நரம்புகள் கழுத்துக்குள் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்துவிட்டன. மரச்சீனிக் கிழங்கை மூட்டோடு பிடுங்குவோமே, அப்படி.

கை தொங்குகிறது. துணிப்பட்டையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். ஊசியால் குத்தினாலும் தெரியாது. ஆனால் வலிக்கிறது. உள்ளங்கையில் கனலை வைத்து, விரல்களை மடக்கி, யாரோ இறுக்கிப் பிடித்திருப்பது போல வலி. பார்த்தால் விரல்கள் விரித்துத்தான் கிடக்கின்றன. இதைச் சொன்னால் கல்லூரியில் சிரிக்கிறார்கள். "உணர்ச்சியே இல்லாத கை எப்பிடி சாரே வலிக்கும்?" என்று கேட்டவன் யேசுரத்தினம். எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

தருகிற மாத்திரைகள் வலியை விட்டுவிட்டு என்னைத் தூங்க வைக்கின்றன. கரும்பலகைக்கு முன்னால் நின்றபடியே தூங்கியிருக்கிறேன்.

பத்திரிகையில் ஒரு துண்டுச் செய்தி பார்த்தேன். நரம்புக் காயத்தால் வரும் வலிக்கும், கஞ்சா போய்ப் பிடிக்கும் ஏற்பிகளுக்கும் தொடர்பு இருக்கிறதாம். உன் ஊர்ப் பெயரும் அதில் இருந்தது. நீ செய்கிற வேலை அதுதானே? எலியின் கால் நரம்பைக் கட்டிவிட்டு, அதற்கு வலிக்கிறதா என்று பார்க்கிற வேலை. அந்த எலிகளுக்காகத்தானே அம்மாவின் அடக்கத்துக்கு நீ வரவில்லை. இப்போது உன் அண்ணனே அப்படி ஒரு எலி. மருந்து இருக்கிறதா இல்லையா? ஒரு வரியில் எழுது.

போன் வேண்டாம். தொண்ணூற்றொன்பதில் போனில் பேசியதே நம் இருவருக்கும் போதும்.

ஜெபசீலன்


அபெர்டீன்
2.3.2007

அண்ணனுக்கு,

ஒரு வரியில் கேட்டாய்: இல்லை.

இனி மிச்சம். உன் கை வலிக்கிறது என்பதை நான் நம்புகிறேன். யாராவது சிரித்தால் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். உன் வகைக் காயத்தில் வலி வருவதுதான் வழக்கம். கையிலிருந்து செய்தி வரும் வழி அறுந்துபோனதால், தண்டுவடத்தில் அந்தச் செய்திக்காகக் காத்திருந்த நரம்பணுக்கள் தாங்களாகவே கத்தத் தொடங்குகின்றன. மூளை அதைக் கையின் வலியாக எடுத்துக்கொள்கிறது.

நான் செய்கிற வேலை இது. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புமுனைகளில் சில ஏற்பிகள் உண்டு. கஞ்சாச் சரக்கு அவற்றில் போய் உட்காருவதால் கஞ்சா ஏற்பிகள் என்று பெயர் வந்தது. அதே மாதிரி ஒரு சரக்கை உடம்பே தனக்குத் தேவையானபோது கொஞ்சமாகச் சுரந்துகொள்கிறது. அது போய் உட்கார்ந்தால் வலிச் செய்தி சொல்லும் நரம்பு குரலைத் தாழ்த்துகிறது. நரம்பைக் கட்டிய எலிகளின் தண்டுவடத்தில் இந்த ஏற்பிகள் கூடுவதைப் பார்த்திருக்கிறோம். கத்தலை அடக்க உடம்பு தன்னால் ஆனமட்டும் உட்காரும் இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. வந்து உட்காரத்தான் சரக்கு போதவில்லை. வெளியிலிருந்து கொடுத்தால் எலிக்குக் குறைகிறது. மனிதருக்குக் கொடுத்தால் சிலருக்குக் கொஞ்சம் குறைகிறது, பலருக்குத் தலைதான் சுற்றுகிறது. இவ்வளவுதான் இன்றைய நிலை.

எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று கவனித்து எழுது. டாக்டருக்கும் அது உதவும்.

ஒன்று கேட்க வேண்டும். அம்மாவின் பெட்டியை மூடும் முன் எல்லோரும் சுற்றி நின்று எடுத்த படம் இருக்குமே, அதன் நகல் எனக்கு இதுவரை வரவில்லை. அனுப்புவாயா?

அடக்கத்துக்கு ஏன் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். "நீ வரண்டாம்" என்று போனில் சொன்னது யார்?

லீலா


குலசேகரம்
30.3.2007

லீலாபாய்க்கு,

நான் அப்படிச் சொல்லவில்லை. நீ "பரிசோதனை பாதியில் நிற்கிறது, எப்படி வருவது என்று பார்க்கிறேன்" என்றாய். பெற்ற தாய் செத்துக் கிடக்கும்போது யாராவது எப்படி வருவது என்று பார்ப்பார்களா? அதற்கு நான் ஏதோ சத்தம் போட்டிருப்பேன். 'வரண்டாம்' என்று சொல்லவில்லை.

படம் அனுப்பமாட்டேன். அதில் நீ இல்லை. நீ இல்லாத படம் உனக்கெதற்கு?

உன் விளக்கம் தெளிவாக இருக்கிறது. தெளிவை வைத்து நான் என்ன செய்ய? உடம்பே சுரக்கும் அந்தச் சரக்குக்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்திருப்பதை நூலகத்தில் பார்த்தேன். ஆனந்தமாம். இருபத்தெட்டு வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான், இவ்வளவு அசட்டுத்தனமான பெயரைக் கேட்டதில்லை.

நீ தராததை நானே தேடிக்கொண்டேன். பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் சுடலையாண்டியிடம் கஞ்சா கேட்டேன். "சாரே, கோயிலுக்குப் போறதுக்கு முன்ன மட்டும் போடாதீங்கோ" என்று சொல்லித்தான் தந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வலி பொறுக்க முடியாமல் கொல்லைப்புறத்தில் நின்று இழுத்தேன். பிறகு ஆராதனைக்குப் போனேன். போதகர் எனக்காகவே ஜெபித்தார். "ஆண்டவரே, சகோதரன் ஜெபசீலனின் கரத்தை இந்த நேரத்தில் தொடும்" என்றார். தொட்டாலும் எனக்குத் தெரியாதே என்று தோன்றியது. சிரித்துவிட்டேன். அடக்க அடக்கச் சிரிப்பு கூடியது. ராஜபாய் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, "எதுக்கு இளிக்கிய? சபையில வச்சு மானம் போகுது, எழும்புங்க" என்று சட்டையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

வலி போகவில்லை. அந்த வலி கொஞ்சநேரம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பிறகு நெஞ்சு படபடத்துச் செத்துப்போவேன் என்று பயந்து மாலைவரை படுத்துக் கிடந்தேன். இனித் தொடமாட்டேன். எனக்காக அல்ல, ராஜபாய்க்காக.

எப்போது குறைகிறது என்று கேட்டாய். எப்போதும் குறைவதில்லை. வேன் டிரைவரைப் பிடித்துவிட்டார்கள், நாகர்கோவிலில் வழக்கு நடக்கிறது. போன வாரம் அவனுடைய வக்கீல், நான்தான் குடித்துவிட்டு வண்டி ஓட்டினேன் என்று சொன்னான். நான்! அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் கையே ஞாபகம் வந்தது. அவ்வளவு களைப்பு.

ஜெபசீலன்


அபெர்டீன்
22.4.2007

அண்ணனுக்கு,

போதகரின் ஜெபத்தை வாசித்து ஆய்வகத்தில் தனியாகச் சிரித்தேன். என்ன என்று கேட்டவர்களுக்கு மொழிபெயர்க்க முடியவில்லை.

அதை இனித் தொடாதே. நீயே முடிவு செய்துவிட்டாய், நல்லது.

கோர்ட்டு நாளைப் பற்றி இன்னும் எழுது. களைப்பால் தெரியவில்லையா, இல்லை உண்மையிலேயே வலி நின்றிருந்ததா? எத்தனை நேரம்? எலிகளிடம் இதுபோல ஒன்று உண்டு. அவற்றைத் திடீரென்று கலவரப்படுத்தினால் கொஞ்சநேரம் வலியை மறந்துவிடும். அந்த நேரத்தில் உடம்பு தன் சொந்தச் சரக்கைக் கூடுதலாகச் சுரக்கிறது. ஏற்பிகளை அடைத்துவிட்டுக் கலவரப்படுத்தினால் அந்தச் சலுகை பெரும்பாலும் போய்விடுகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் இது வெளிவந்தது.

படத்தைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுதவில்லை. எழுதினால் கிழித்துப்போட வேண்டி வரும்.

லீலா


குலசேகரம்
9.12.2007

லீலாபாய்க்கு,

இடையில் நீ எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. கோர்ட்டு நாள், கோர்ட்டு நாள் என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாய். உனக்குத் தகவல் வேண்டும், எனக்கு மருந்து வேண்டும். உங்கள் ஆய்வகத்தில் சோதிக்கிற பொருளில் கொஞ்சம் அனுப்பும்படி ராஜபாயை விட்டுக் கேட்டேன். "அண்ணனை எலியாக்க மாட்டேன் மைனி" என்று சொன்னாயாம். எலிக்குக் கிடைப்பதுகூட எனக்கு இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

எனக்கு அலுத்துவிட்டது. கோபத்தில் சொல்லவில்லை. காலையில் எழுந்தவுடன், இன்றைக்கும் இதுதானா என்று தோன்றுகிறது. வகுப்பில் பாதியில் நிறுத்திவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறேன். பிள்ளைகள் முதலில் பயந்தார்கள். இப்போது அந்த நேரத்தில் டிபன்பாக்ஸைத் திறக்கிறார்கள்.

கையை எடுத்துவிடத் தீர்மானித்திருக்கிறேன். தோளோடு. எதற்கும் உதவாத கை. தூக்கவும் முடியாது, எழுதவும் வேண்டியதில்லை. மூன்று டாக்டர்கள் மறுத்தார்கள். நான்காமவர் ஒப்புக்கொண்டார். ஈஸ்டர் கழிந்து ஏப்ரல் இரண்டாவது வாரம். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

ஜெபசீலன்


அபெர்டீன்
27.12.2007

அண்ணா,

செய்யாதே.

அந்த மூன்று டாக்டர்கள் ஏன் மறுத்தார்கள் என்று கேட்டாயா? வலி கையில் இல்லை. கையை எடுத்தாலும் அது அதே உள்ளங்கையில், அதே கனலோடு இருக்கும். அதைத் தூக்கிப் பிடிக்க, தேய்த்துவிட, பார்க்க ஒரு கைகூட இருக்காது. மணி அடிப்பது கோயில் கோபுரத்தில். சத்தம் கேட்கிறது என்பதற்காக நீ உன் வீட்டு வாசலை இடிக்கப் போகிறாய்.

கைகாலை எடுத்தவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். இல்லாத காலை மாற்றிப் போட்டுப் படுக்க முயல்கிற ஒருவர் இங்கே எங்கள் தெருவில் இருக்கிறார். தோளே பாரமாகத் தொங்கி அதனால் வலிக்கிறது என்றால் அது வேறு விஷயம். அதற்கு எடுப்பவர்கள் உண்டு. நீ எழுதியது அந்த வலியை அல்ல. எரிச்சலையும் நெரிப்பையும்.

பொருள் தராததற்குக் காரணம் சொல்கிறேன். அது மனிதனின் ஈரலை என்ன செய்யும் என்று எங்களுக்கே தெரியாது. தெரிந்தபிறகு நானே கொண்டு வருவேன். அதுவரை தரமாட்டேன், நீ என்ன பெயர் சொல்லி அழைத்தாலும்.

உன் மாத்திரைகளை மாற்றச் சொல். வேறு வகைகள் இருக்கின்றன, பெயர்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். டாக்டரிடம் காட்டு. தயவுசெய்து.

லீலா


குலசேகரம்
3.2.2008

லீலாபாய்க்கு,

தாளை டாக்டரிடம் காட்டினேன். இரண்டை ஏற்கெனவே சாப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. மூன்றாவது தொடங்கியிருக்கிறேன். கொஞ்சம் பரவாயில்லை என்று சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்லலாம்.

கோயில் மணி உவமை கொள்ளாம். ஆனால் எனக்கு வலிக்கிற இடம் எனக்குத் தெரியும். நீ படித்தது எலியின் முதுகில். நான் இரண்டு வருஷமாக இந்தக் கையோடு படுத்து எழுகிறேன். உள்ளங்கை எரியும்போது உள்ளங்கைதான் எரிகிறது. தண்டுவடம் எரிவதாக ஒருநாளும் தோன்றவில்லை. நிரூபிக்க முடியுமென்றால் நிரூபி. முடியாதென்றால் விடு.

இதற்குமேல் வாதாடத் தெம்பில்லை. நாள் குறித்தாகிவிட்டது. கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். யேசுரத்தினம்தான் கையெழுத்துப் போட்டான்.

ஜெபசீலன்


அபெர்டீன்
26.2.2008

ஜெபசீலன் சாருக்கு,

இத்தனை வருஷம் மரியாதைக்காகச் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

யேசுரத்தினத்துக்கு நாற்காலி கொடுத்தது சரியான முடிவு. அவருக்கு மாணவர்களின் பெயராவது தெரியும். உனக்கு உன்மேல் யார் யார் எப்போது தப்புச் செய்தார்கள் என்பது மட்டும்தான் தெரியும். அம்மா சாவதற்கு முந்தின மாதம் என்னிடம் போனில் சொன்னது இது: "அவன் எப்பளும் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுத்தான் இரிப்பான் மக்களே. பெத்த பாவத்துக்கு நான் பாக்கேன். நீ கண்டுக்கிடாத."

கையை வெட்டுவதுகூட வலிக்காக என்று நான் நம்பவில்லை. கை இருந்தவரை உன் வலியை ஊரில் யாரும் நம்பவில்லை. சட்டைக்கை காலியாகத் தொங்கினால் நம்புவார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். உனக்கு வேண்டியது அதுதான்.

அந்தப் படத்துக்கும் அதே கதைதான். அம்மாவின் தலைமாட்டில் ஓர் ஆள் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டுப் படம் எடுக்கச் சொன்னாயாம். மைனி சொன்னாள். அது அம்மாவுக்காக அல்ல. மகள் வரவில்லை என்று பார்க்கிறவர் எல்லாருக்கும் தெரிய வேண்டும், அதற்காக. பிணத்தை வைத்துக்கொண்டுகூட நீ உன் கணக்கைத் தீர்த்தாய்.

'வரண்டாம்' என்று சொன்னாய். சொல்லிவிட்டு நான் வராததைப் படம் எடுத்து வைத்திருக்கிறாய்.

பதில் இருந்தால் எழுது. இருக்காது.

லீலாபாய்


குலசேகரம்
10.3.2008

ஏட்டி லீலா,

பதில் இருக்காதா? எத்தனை தாள் வேண்டும் உனக்கு?

நீ ஸ்காட்லாந்தில் உட்கார்ந்து எப்படி வருவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது இங்கே என்ன நடந்தது தெரியுமா? அப்போது இந்தப் பக்கம் குளிர்பெட்டி எதுவும் கிடையாது. குளச்சலுக்கு ஆளனுப்பி, மீனுக்குப் போடும் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். அம்மாமேல் மீன் வாடை வந்துவிடக் கூடாதென்று ராஜபாய் சந்தைக்குப் போய் மரிக்கொழுந்தாக வாங்கிக் கட்டிலைச் சுற்றிப் பரப்பினாள். ஐஸ் உருகித் தரையெல்லாம் தண்ணீர். நான் முழங்காலில் நின்று துணியால் ஒற்றி எடுத்தேன். அப்போது எனக்கு இரண்டு கையும் இருந்தது.

போதகர் வந்து, "இன்னும் வைக்கப்பிடாது சாரே, மண்ணுக்குக் குடுத்திரணும்" என்றார். "லீலா வருவா" என்றேன். மறுநாளும் வந்தார். மறுநாளும் சொன்னேன். உறவுக்காரர்கள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். உன்னை வர வேண்டாம் என்று சொன்னவன் செய்கிற வேலையா இது?

தலைமாடு மகளுக்குரிய இடம். நம் குடும்பத்தில் எந்தப் படத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பார். பாட்டாவின் பெட்டியோடு எடுத்ததில் அத்தை நிற்கிறாள், அம்மாவின் அம்மைக்கு அம்மா நிற்கிறாள். அம்மாவுக்கு நீ நிற்க வேண்டும். போட்டோக்காரன் ராஜபாயை அங்கே தள்ளி நிற்கச் சொன்னான். நான்தான் தடுத்தேன். நீ வந்து நிற்கும்வரை அங்கே வேறு யாரும் நிற்கக் கூடாது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதையா நீ கணக்குத் தீர்த்ததாகச் சொல்கிறாய்?

பஸ்ஸில் இடம் வாங்க நான் கையை வெட்டுகிறேனா? யேசுரத்தினத்துக்கு மாணவர் பெயர் தெரியுமா? அவனுக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் மேனேஜ்மெண்டு ஆட்களின் பிள்ளைகள் பெயர். கந்தக அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று அவனைக் கேட்டுப் பார். அம்மா அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள். சொல்லியிருந்தாலும் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பாள். நீ சிரிப்பை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் எழுதுகிறாய்.

ஆறு தாள் எழுதினேன். நான்கைக் கிழித்தேன், அவை இதைவிட மோசம். சாயா கொண்டு வைத்த ராஜபாய் திரும்பி வந்து, "சாயா ஆறிப் பாலாடை கட்டிப் போச்சு. அப்பளே புடிச்சு எழுதியளே, இண்ணைக்கு கை வலிக்கேலியா?" என்று கேட்டாள். "இப்போது அதுவா முக்கியம்?" என்று அவளிடமும் சத்தம் போட்டேன்.

இனி எனக்கு எழுதாதே.

ஜெபசீலன்


அபெர்டீன்
20.3.2008
(கூரியரில்)

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். உன் 'வரண்டாம்'-ஐ இந்தத் தடவை கேட்பதாக இல்லை.

மைனி போனில் எல்லாம் சொன்னாள். காலையில் தபால்காரன் போனதிலிருந்து மதியச் சாப்பாடுவரை நீ எழுதியிருக்கிறாய். பல்லைக் கடிக்கவில்லை, எழுந்து நடக்கவில்லை, மதிய மாத்திரையைக்கூட மறந்துவிட்டாய். அவள் கேட்கும்வரை உனக்குக் கை இருப்பதே தெரியவில்லை. நிரூபி என்று பிப்ரவரியில் எழுதினாயே. இதுதான் நிரூபணம்.

யோசித்துப் பார். நான் உன் கையைத் தொடவில்லை. மருந்து தரவில்லை. ஐயாயிரம் மைல் தள்ளியிருந்து ஒரு தாள் அனுப்பினேன். நீ கோபப்பட்டாய். உள்ளங்கையில் கனல் அணைந்தது. கனல் உள்ளங்கையில் இருந்திருந்தால் ஒரு கடிதம் அதை எப்படி அணைக்கும்? அது எரிவதும் மேலே, அணைவதும் மேலே. கோர்ட்டு நாளிலும் அதுதான் நடந்தது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கையை எடுத்து ஒரு வாளியில் போட்டாலும் அந்த இடத்துக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

உன் உடம்பு தன் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிட்டதா, கவனம் வேறு பக்கம் போனதா, இரண்டுமா, என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எலியென்றால் ஏற்பியை அடைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அண்ணனிடம் அதைச் செய்ய முடியாது.

முன்கூட்டியே சொல்லாமல் உன்னைக் கோபப்படுத்தியது தப்புத்தான். சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்காது. உன்னை எலியாக்க மாட்டேன் என்று சொன்னவள் ஆக்கிவிட்டேன். அந்தக் கடிதத்தில் பாதி பொய். எந்தப் பாதி என்று இப்போதைக்குச் சொல்ல மாட்டேன். தேவைப்பட்டால் மறுபடி ஒருமுறை உதவும்.

ஆனால் இதை மருந்தென்று எடுத்துக்கொள்ளாதே. ஒருதரம் கலவரப்பட்ட எலிக்குத்தான் வலி குறைகிறது. வாரக்கணக்கில் கலவரத்திலேயே வைத்திருந்த எலிக்குச் சரக்கும் வற்றிப்போகிறது, மூளையில் சில இடங்களில் ஏற்பிகளும் குறைந்துபோகின்றன என்கிறார்கள். அப்படிப்பட்ட எலிக்கு வலி கூடத்தான் செய்கிறது. நீ எத்தனை வருஷமாகக் கோபத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பெரும்பங்கு என்மேல்தான். இனிச் சிக்கனமாகச் செலவழி.

ஐஸ் கட்டி எனக்குத் தெரியாது. மரிக்கொழுந்தும் தெரியாது. யாரும் சொல்லவில்லை. 'லீலா வருவா' என்று நீ இரண்டு நாள் சொன்னதும் தெரியாது.

டாக்டருக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல். மற்றதெல்லாம் பிறகு.

லீலா


குலசேகரம்
14.4.2008

லீலாவுக்கு,

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. டாக்டருக்குக் கோபம். உன் கூரியர் வந்த அன்று எனக்கு உன்மேல் வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அன்றைக்கும் சாயங்காலம்வரை கை சும்மா இருந்தது. அதைக் கவனித்தேன். கவனித்தவுடன் வலி வந்துவிட்டது. பிறகு வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

மூன்றாவது மாத்திரை கொஞ்சம் பிடிக்கிறது. அளவைக் கூட்டியிருக்கிறார்கள். வகுப்பில் பல்லைக் கடிப்பது குறைந்திருக்கிறது. அதற்குமேல் எதிர்பார்க்கவில்லை. இது என்னோடு இருந்துவிட்டுப் போகும்.

கோபத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். என்னைப் போன்றவனுக்கு அது கஷ்டம், இருந்தாலும் யோசித்தேன். வேன் டிரைவரை விட முடியாது, அவன் வழக்கு ஜூனில் மறுபடி வருகிறது. யேசுரத்தினத்தையும் வைத்துக்கொள்கிறேன். விடுப்பை ரத்து செய்யப் போனபோது, "கை இரிக்கட்டும் சாரே, கை இரிக்கட்டும்" என்று என் தோளைத் தட்டினான். எந்தத் தோள் என்று பார்த்துத் தட்டக்கூடத் தெரியவில்லை. ஒருநாள் வலி தாங்க முடியாவிட்டால் அவனை நினைத்துக்கொள்ளலாம்.

போனில் நான் என்ன சொன்னேன் என்ற விவாதம் இனி வேண்டாம். நீயும் எழுதாதே, நானும் எழுதவில்லை.

படத்தின் நகல் இதோடு இருக்கிறது. குலசேகரத்தில் எடுத்த நகல், கொஞ்சம் கறுத்திருக்கிறது. பெட்டிக்கு வலப்பக்கம் வெள்ளைச் சட்டையில் நிற்பது நான். ராஜபாய் கால்மாட்டில். தலைமாட்டில் யாரும் இல்லை. அந்த இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

காலையில் எழுத உட்கார்ந்தேன். பாதியில் இரண்டு தடவை எழுந்து நடந்துவிட்டு வந்து தொடர்ந்தேன். முதல் வரியிலிருந்து இந்த வரிவரை கை விடாமல் வலித்துக்கொண்டேதான் இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

அண்ணன்